பத்தொன்பதாவது முதுகு

இங்கர்சாலின் கல்யாணம் ராகு காலத்தில் நடந்தது. அவருடைய அப்பாவின் கல்யாணமும் அப்படித்தான். தேடிப் பிடித்து ராகு காலத்தில் வைப்பது அந்தக் குடும்பத்தில் ஒரு வைராக்கியம். ஆகவே மகளின் முதுகு ஆபரேஷனுக்கான படிவத்தில், 'தொடங்கும் நேரம் பற்றி விருப்பம் உண்டா?' என்று கேட்டிருந்த இடத்தில், 'எந்த நேரமும் சம்மதம்' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்தார். கொஞ்சம் பெருமையாகவே அடித்தார். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி கிடைத்தது. கலப்படமில்லாத ராகு காலம். மனைவி மங்கையர்க்கரசியிடம் அந்தச் சீட்டைக் காட்டிச் சிரித்தார்.

பதினான்கு வயது நிறைமதி நிமிர்ந்த முதுகோடு கண் விழித்தாள். இடது கால் மட்டும் அசையவில்லை.

இதில் ராகுவுக்கோ கேதுவுக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பத்தரை மணிக்குச் சம்பந்தம் இருந்தது. வயிற்றெரிச்சலே அதுதான்.

நடப்பது இரண்டாயிரத்து அறுபதுகளில். செவ்வாயில் மனிதன் போய் இறங்கிவிட்டான்; செவ்வாய் தோஷம் மட்டும் இன்னும் திருச்சியை விட்டு இறங்கவில்லை. அந்த ஊரில் முதுகெலும்புக்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. பாம்பு போல நெளிந்த முதுகுகளை இரண்டு கம்பியும் இருபத்திரண்டு ஸ்க்ரூவும் போட்டு நிமிர்த்துவார்கள். நூறு ஸ்க்ரூவில் தொண்ணூற்றெட்டு மயிரிழை பிசகாமல் உட்காரும் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மீதி இரண்டு யார் முதுகில் என்று அந்தப் பலகையில் போடவில்லை.

சனிக்கிழமை காலை மங்கையின் அண்ணன் சுந்தரேசன் திருநீற்றுப் பொட்டலத்தோடு வார்டுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல மாப்ள. உங்க கொள்கைய உங்களோட வச்சுக்குங்க, பச்சப்புள்ள உடம்புல வச்சு விளையாடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"மச்சான், பொட்டலத்தை வச்சுட்டுக் கிளம்புங்க. இல்லேன்னா நான் ஏதாவது சொல்லிருவேன்."

"சொல்லுங்களேன். கால் வந்துருமா?"

இங்கர்சாலுக்குக் கை பரபரத்தது. நிறைமதி கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் நடித்தாள். அந்த நடிப்பைப் பார்த்துத்தான் அடங்கினார். மங்கை மகளின் இடது பாதத்தைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தும் இவளும் கடைசியில் பஞ்சாங்கக் கட்சிதானா என்று அவருக்கு நெஞ்சு கசந்தது.

கசப்பை வைத்துக்கொண்டு சும்மா உட்காருகிற ஆள் இல்லை அவர். கொதிகலன் குழாய்களை வெல்டிங் செய்யும் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருஷமாகத் தரப் பரிசோதகர். ஒட்டின இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஓட்டையா விரிசலா என்று சொல்லுகிற வேலை. ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்தில் அதைப் பற்றவைத்தவனின் நம்பரைக் குத்தியிருக்க வேண்டும். நம்பர் இல்லாத ஒட்டை அவர் பார்க்கவே மாட்டார். மகளின் சி.டி. படத்தை டாக்டர் திரையில் போட்டபோது, விளக்கம் சொல்லுவதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். இடது பக்கம் ஏழாவது எலும்பில் ஒரு ஸ்க்ரூ உள்பக்கம் சாய்ந்து தண்டுவடத்தின் மேல் முட்டிக்கொண்டு நின்றது.

"இது யாரு ஏத்தினது?" என்று கேட்டார்.

எதிரே நின்ற டாக்டர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நான்தான் சார்."

"பெரிய டாக்டர் பேருதானே சீட்டுல இருக்கு? குமரகுருபரன்னு?"

"எல்லாச் சீட்டுலயும் அவர் பேருதான் இருக்கும். யூனிட் அவரோடது."

"அப்ப நீங்க இதுவரைக்கும் எத்தனை முதுகு பார்த்திருக்கீங்க?"

"நிறைமதி பத்தொன்பதாவது."

அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. கையுறை அணிந்த தடம்.

"வளைஞ்ச முதுகுல ஒவ்வொரு எலும்பும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிக்கும் சார். குழிவா இருக்கிற பக்கம் எலும்பு பென்சில் கனம்கூட இருக்காது. படம் பார்த்து ஏத்த முடியாது, கை உணரணும். அந்த உணர்வு வர்றதுக்கு முன்னெல்லாம் முன்னூறு ஆபரேஷன் ஆகும். பெரிய டாக்டரோட முப்பது வருஷக் கைப்பழக்கத்தை இந்தக் கையுறையில பதிஞ்சு வச்சிருக்காங்க. போட்டுக்கிட்டா நம்ம கையை அது திருத்தும். அந்த முன்னூறு இப்ப வெறும் அறுபதாக் குறைஞ்சிருச்சு."

"அறுபது இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு. என் கையும் அதுவும் ஒண்ணா உட்காரணும். அறுபது தாண்டினா 'பழகிய கை'ன்னு சொல்லுவோம். அதுவரைக்கும் 'பழகும் கை'. என் கை தப்பறப்ப அது எப்படி இருக்கும்னு கையுறை உணர்ந்தாத்தான் என் கையைக் கத்துக்கும். பொம்மை எலும்புல எனக்கு நூத்துக்கு நூறு சார். ஆனா பொம்மைக்கு ரத்தம் வராது, மூச்சு விடாது."

"டாக்டரம்மா, எங்க பட்டறையில புதுசா வர்ற வெல்டர், பக்கத்துல ஒரு பழைய ஆள் நிக்காம குழாயைத் தொட முடியாது. தொட்டா நான் வேலைய நிறுத்திருவேன். இரும்புக் குழாய்க்குக் கொடுக்கிற மரியாதை என் பொண்ணு முதுகுக்குக் கிடையாதா?"

"ரெண்டு பேர் ஒரே மேசையில நின்னா ஒரு நாளைக்கு ஒரு ஆபரேஷன் குறையும்னு சொல்றாங்க." அவள் குரல் இறங்கியது. "கால் நரம்போட சிக்னல் திரையில ஒரு தடவை விழுந்து எழுந்துச்சு சார். நான் நிறுத்திப் பெரியவரைக் கூப்பிட்டிருக்கணும். கையுறை 'சரி'ன்னு காட்டுச்சு. நம்பிட்டேன்."

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். திட்டாமல் விட்டார். செய்தது தான்தான் என்று அந்தக் கட்டடத்தில் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

"திங்கக்கிழமைக்குள்ள அந்த ஸ்க்ரூவை எடுத்துச் சரியா வைக்கணும். அதுக்கு மேல போனா நரம்பு திரும்பறது கஷ்டம்" என்றாள்.

மத்தியானம் புதுச் சீட்டு வந்தது. திங்கட்கிழமை காலை ஏழரை மணி. கீழே சின்ன எழுத்தில் 'பழகும் கை' என்று இருந்தது. வெள்ளிக்கிழமைச் சீட்டிலும் அதே இடத்தில் அதே சின்ன எழுத்து இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் கண்ணுக்கு மணி மட்டும்தான் தெரிந்தது.

சீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். டாக்டர் குமரகுருபரன் நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேர். உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை.

"மறுபடியும் பழகும் கையா? யாரு போட்ட பட்டியல் இது?"

"நாங்க போடறதில்ல, கம்ப்யூட்டர் சிஸ்டம் போடுது. நான் மாத்தித் தரேன். ஒண்ணு பண்ணுங்க, படிவத்துல 'நல்ல நேரம் வேண்டும்'னு டிக் அடிச்சிருங்க. ஒன்பதேகாலுக்கு வந்துரும். பழகிய கை கிடைச்சிரும்."

இங்கர்சால் சுருட்டிய சீட்டை மேசையில் விரித்தார்.

"நல்ல நேரத்துக்கும் நல்ல கைக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"யாரும் வேணும்னு செய்யல. ஆஸ்பத்திரியோட நாற்பது வருஷப் பதிவை சிஸ்டத்துக்குக் கொடுத்தோம். ராகு காலத்துல தொடங்கின ஆபரேஷன்கள்ல ஸ்க்ரூ விலகறது ஜாஸ்தியா இருந்துச்சு."

"ராகு வந்து தள்ளி விட்டாரா?"

"அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்கள் அந்த நேரத்துல கத்தியத் தொட மாட்டாங்க. சாமி கும்பிட்டு, நேரம் பார்த்துத்தான் வருவாங்க. ராகு காலத்துல தொடங்கிற கேஸ் எல்லாம் உதவி டாக்டர் கையில. ஆனா பதிவுல யூனிட் தலைவர் பேரைத்தான் போடுவாங்க, இப்பவும் அதான் வழக்கம். அதனால யாரு கைன்னு சிஸ்டத்துக்குத் தெரியல. நேரம் மட்டும் தெரிஞ்சுது. நேரத்தையே ஒரு ஆபத்துன்னு எடுத்துக்கிச்சு."

"சரி, எடுத்துக்கட்டும். புதுக் கையை ஏன் அங்க கொண்டுபோய் வைக்குது?"

"வளைவு ரொம்ப அதிகம், இதயம் பலவீனம், இந்த மாதிரி ஆபத்தான கேஸ்ல ஸ்க்ரூ விலகினா ஆஸ்பத்திரிக்குப் போடற தர மதிப்பெண் குறையாது, எதிர்பார்த்ததுதானேன்னு விட்டுருவாங்க. ராகு காலமும் அந்த வரிசையில சேர்ந்திருச்சு. புதுக் கைகள் பழகணும், ஆனா மதிப்பெண் இறங்கக் கூடாதுன்னு நாங்க கேட்டோம். அது ஒரு வழி கண்டுபிடிச்சுது."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன வருஷம்."

"போன வருஷம்!" இங்கர்சால் மேசையில் அறைந்ததில் மூக்குக்கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. "வெளிய என் மச்சான் உக்காந்துருக்கார். ராகு காலத்துல வச்சதாலதான் கால் போச்சுங்கறார். நான் அவரை முட்டாள்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். அவர் பேச்சை உண்மையாக்கிறதுக்கு நீங்க ஒரு சிஸ்டமே வச்சு நடத்துறீங்க! அந்த நேரத்துக்கு யாரு டாக்டர் வருவா? நேரம் பார்க்காதவன் வருவான். முஸ்லிம் வருவான், கிறிஸ்தவன் வருவான், கேக்க நாதி இல்லாத விடுதிப் புள்ள வரும், என்னை மாதிரி ஒரு கறுப்புச் சட்டை வருவான். எங்க புள்ளைங்க முதுகுல பழகிட்டு, பழகின கையோட நல்ல நேரத்துக்குப் போயிருவீங்க. அப்படித்தானே?"

"நேரத்தை எடுத்துட்டா அந்தப் பழகற கேஸ் எல்லார் மேலயும் விழும். யாராவது ஒருத்தர் அறுபதுக்குள்ள வந்துதான் ஆகணும். உங்க பொண்ணுக்கு அது வேண்டாம்னுதானே டிக் அடிக்கச் சொல்றேன்?" டாக்டரின் குரலும் உயர்ந்தது. "ரெண்டு நாள்தான் இருக்கு. கொள்கையா, காலா?"

இதற்குப் பதில் பேச இங்கர்சாலிடம் ஆயிரம் மேடைப்பேச்சு இருந்தது. 'நல்ல நேரம் வேண்டும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அரை மணி நேரத்தில் நிறைமதி ஒன்பதேகாலுக்கு மாறினாள். பழகிய கை. மங்கையிடம் சீட்டை நீட்டினார். வாங்கி, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஆஃபியா என்ற பதின்மூன்று வயதுப் பெண் இருந்தாள். அவளும் நிறைமதியும் ஒரு வாரமாகச் சேர்ந்து செல்போனில் எதையாவது பார்த்து வார்டே திரும்பும்படி சிரிப்பார்கள். அவளுடைய அப்பா காஜா மைதீன் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். சாயந்திரம் அவர் கையில் ஒரு பொட்டலம் குலாப்ஜாமூனோடு ஓடி வந்தார்.

"அண்ணே, வாயைத் திறங்க! ஆஃபியாவுக்கு வியாழக்கிழமைன்னு சொன்னாங்கல்ல, திங்கக்கிழமைக்கே மாத்திட்டாங்க. முதல் ஆபரேஷனே நம்மளுதுதான், ஏழரைக்கு!"

இனிப்பு வாய்க்குள் போய்விட்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தான் எழுந்த நாற்காலியில் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அவருக்கு உடனே விளங்கியது. சொன்னால் காஜா மைதீனும் டிக் அடிப்பார். ஒன்பதேகாலுக்குப் பழகிய கை ஒன்றுதான். ஆஃபியா காத்திருப்புப் பட்டியலில் நிறைமதிக்கு முந்தியவள். சிஸ்டம் அவளை அங்கே வைத்துவிட்டு நிறைமதியைச் செவ்வாய்க்கோ புதனுக்கோ தள்ளிவிட்டால் கால் போச்சு. சொல்லாவிட்டால் ஆஃபியா இருபதாவது முதுகு.

வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது, கணிசமான நேரம் தோன்றியது. ஜாமூனை விழுங்கித் தண்ணீர் குடித்தார். அந்த வார்டில் இருந்த அத்தனை கட்டில்களையும் பார்த்தார்.

"பாய், கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

படிக்கட்டில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். தான் டிக் அடித்ததையும் சொன்னார். காஜா மைதீன் கையிலிருந்த பொட்டலத்தைப் படியில் வைத்தார்.

"உங்க பொண்ணை எடுத்துட்டு என் பொண்ணை அங்க வச்சிருக்கு."

"ஆமா பாய்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா திங்கக்கிழமை நானும் உங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருப்பேன்." அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. "இப்ப என்னண்ணே செய்யறது? நீங்களும் நானும் ஒரு கைக்காக அடிச்சுக்கணுமா?"

"அடிச்சுக்கக் கூடாது. எல்லாரும் டிக் அடிக்கணும். ஒருத்தர் பாக்கி இல்லாம. பழகற கைக்குக் கொடுக்க ஒரு முதுகுகூட மிச்சம் இருக்கக் கூடாது."

"நானா? நல்ல நேரம் கேக்கறதா? ஜமாஅத்துல சிரிப்பாங்கண்ணே."

"என்னை இயக்கத்துலேருந்தே நீக்கிருவாங்க. வாங்க பாய்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் கட்டில் கட்டிலாக ஏறி இறங்கினார்கள். 'எந்த நேரமும் சம்மதம்' என்று எழுதியிருந்த குடும்பங்கள் பதினொன்று. பெந்தெகொஸ்தே சபைப் போதகர் ஒருவர், பைபிளில் இதற்கு இடமில்லையே என்று தயங்கினார். மகனின் முதுகை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினார். குழந்தைகள் இல்லத்தின் வார்டன் அம்மாள் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்று படிவம் மாற்றினாள். வாழ்நாள் முழுக்க ராகு காலத்தைக் கிண்டல் செய்த ஒருவர், சாமி கும்பிடுகிறவர்களுக்கு நடுவில் நின்று, 'நல்ல நேரம் வேணும்னு எழுதுங்க, அழுத்தி எழுதுங்க' என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த சுந்தரேசனுக்குத் தலை சுற்றியது.

அன்று சாயந்திரம் சிஸ்டத்துக்கும் சுற்றியது. இரண்டு வாரத்துக்கு ஒரு ராகு காலத்துக்குக்கூட ஆள் இல்லை. பழகும் கைகள் நான்குக்கும் வேலை இல்லை. பட்டியல் முழுக்கச் சிவப்பு. பெரிய டாக்டர் இங்கர்சாலைக் கூப்பிட்டனுப்பினார். அவரோடு பதினொரு குடும்பத்தாரும் போனார்கள், பின்னால் மங்கையும் ஜெசிந்தாவும் போனார்கள்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"அறுபது முடியற வரைக்கும் புதுக் கை பக்கத்துல பழகிய கை நிக்கணும்" என்றார் இங்கர்சால். "ஒரு ஆபரேஷன் குறைஞ்சா குறையட்டும். பதிவுல ஏத்தினவங்க பேரு இருக்கணும். மதிப்பெண்ணுலேருந்து நேரத்தைத் தூக்கணும். எழுத்துல வேணும்."

"என் பேரைப் போடுங்க டாக்டர், நானே கேக்கறேன்" என்றாள் ஜெசிந்தா. "நிறைமதிக்கு ஏத்தினது நான்னு போடுங்க."

குமரகுருபரன் எல்லோரையும் பார்த்தார். எழுதிக் கொடுத்தார். மனம் மாறி எழுதினாரா, பத்திரிகைக்குப் பயந்து எழுதினாரா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பேனாவை மூடிவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார்.

"உங்க பொண்ணுக்கு அவசரம். நானே ஏத்தறேன், ஜெசிந்தா பக்கத்துல நிக்கட்டும். முடிச்ச உடனே ஆஃபியாவுக்கும் நான்தான். ரெண்டும் ஒரே நாள்ல முடியணும்னா ஏழரைக்கே தொடங்கணும். ராகு காலம். பரவாயில்லையா?"

"ஏத்தற கை உங்களோடதுதானே?"

"என்னோடதுதான்."

"அப்பத் தொடங்குங்க."

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு ஜெசிந்தா வெளியே வந்தாள். முகமூடியைக் கழற்றினாள். "ஸ்க்ரூ சரியா உக்காந்துருச்சு. சிக்னல் திரும்பி வருது. கால் முழுசா வர்றதுக்கு மாசக்கணக்காகும், ஆனா வரும்னு நம்பலாம்." காஜா மைதீன் இங்கர்சாலைக் கட்டிக்கொண்டார். அடுத்து அவர் பெண்ணை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இங்கர்சாலுக்கு மூன்று நாள் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. உடனே பழைய ஆளாகிவிட்டார். மங்கையின் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா மங்கை? ஏழரையிலேருந்து ஒன்பது. ராகு காலத்துலதான் கத்தி வச்சாங்க. ஒண்ணும் ஆகல. உங்க அண்ணன்கிட்ட சொல்லு, கோளாறு நேரத்துல இல்ல, கையிலதான்னு. நீயும் என் மேல கோவமா இருந்தியே, இப்பவாவது..."

"நான் எப்பங்க ராகு காலம்னு சொன்னேன்?"

மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. சத்தமே இல்லாமல் பேசினாள்.

"எங்க அண்ணன் சொன்னாரு. நான் சொன்னேனா? ராகு காலத்துலதான் உங்களைக் கட்டிக்கிட்டேன், ஒரு நாளாவது குறை சொன்னேனா? பட்டறையில ஒரு இரும்புக் குழாய், ஒட்டினவன் நம்பர் இல்லேன்னா தொட மாட்டீங்க. வெள்ளிக்கிழமை நம்ம புள்ளைய உள்ள அனுப்பறப்ப என்ன பார்த்தீங்க? மணியப் பார்த்தீங்க. எங்க அண்ணன் பார்த்த அதே மணிய. அவரு பயந்து பார்த்தாரு, நீங்க பெருமைக்குப் பார்த்தீங்க. நேத்து டாக்டர்கிட்ட கேட்டீங்களே, ஏத்தற கை உங்களோடதான்னு. அதை அன்னைக்குக் கேக்கறதுக்கு என்னங்க?"

இங்கர்சால் வாயைத் திறந்தார். சீட்டில் அது சின்ன எழுத்தில் இருந்தது என்று சொல்ல வந்தார். தொழிலே சின்ன எழுத்தைப் பார்ப்பதுதான் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, நிறைமதியின் ஆள் ஒருவர் வரலாம் என்றாள். மங்கை எழுந்து போனாள். இந்தக் கட்டடத்தில் இத்தனை நாள் அவர் கோபப்பட ஒவ்வொரு அறையிலும் ஒரு ஆள் இருந்தார். இப்போது அந்த நீளப் பெஞ்சில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.